இருபது ஈய மூக்குத் தோட்டாக்கள்

டிசம்பர் 9

நடீன்,

நீ என் மகளைக் கொன்றாய். நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, உன் ட்ரெய்லர் வீட்டில், நம் அப்பா உனக்கு விட்டுப்போன துப்பாக்கியால். அவளுக்கு எட்டு வயது.

சிறையிலிருந்து ஆறு தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை, எடுக்கப் போவதும் இல்லை. மார்லாவுக்கு நீ அனுப்பிய அட்டையை அவள் உறையோடு அடுப்பில் போட்டாள். அவளுக்கு இனி எதுவும் அனுப்பாதே. என் பெண்டாட்டி முதியோர் விடுதியில் யார் யாருக்கோ துணி மாற்றி, குளிப்பாட்டிப் பிழைக்கிறவள். இப்போது அவளைக் குளிப்பாட்ட அவளுடைய அம்மா வருகிறாள்.

அக்டோபரில் நான் வேலை பார்க்கிற துப்பாக்கிக் கடைக்கு நீ வந்தாய். கவுண்டரில் நான்தான் இருந்தேன். ரெண்டு வாடிக்கையாளர்கள் பார்க்கத்தான் சொன்னேன்: "வீட்டுக்குள்ள எஃகுத் தோட்டா போடாத. அது ஆளையும் துளைச்சு, சுவரையும் துளைச்சு, பக்கத்து வீட்டுக்காரன் காப்பிக் கோப்பையிலதான் போய் நிக்கும். ஈய மூக்கு போடு. பட்ட இடத்துலயே விரிஞ்சு நின்னுடும்." நீ தலையை ஆட்டினாய். போலீஸ் உன் துப்பாக்கியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்ததெல்லாம் எஃகு. அப்பாவின் பழைய சீனத்துச் சரக்கு. உன் மண்டையில் என்ன இருந்தது?

நீ குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஏழு வருஷம் என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். வழக்கு நடந்தால் பதினைந்து வரை போகுமாம். அந்த ஏழு வருஷத்தை வாங்கிக்கொள். மார்லாவைக் கோர்ட்டில் உட்கார வைத்து அந்தப் படங்களைப் பார்க்க வைக்காதே. நீ எங்களுக்குச் செய்ய இது ஒன்றுதான் மிச்சம்.

ஓரின்

டிசம்பர் 15

ஓரின்,

நான் சுட்டேன். ஷெரீஃபிடம் சொன்னேன், வக்கீலிடம் சொன்னேன், இந்தச் சுவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் என்ன நடந்தது என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நீ வெள்ளிக்கிழமை டெஸ்ஸியைக் கொண்டுவந்து விட்டாய். மார்லாவுக்கு வார இறுதி ராத்திரி ஷிஃப்ட், உனக்கு மறுநாள் மான் வேட்டை சீசன் ஆரம்பம். ஞாயிறு காலை அவள் பின்னறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ராய்ஸின் வண்டி மண்பாதையில் திரும்புகிற சத்தம் கேட்டது. பதினொரு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் நான். அந்த சைலன்சர் சத்தத்தைத் தூக்கத்திலும் சொல்வேன். கோர்ட்டில் வாங்கிய தடை உத்தரவை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். முந்நூறு அடிக்குள் வரக்கூடாதாம். ராய்ஸ் படிக்கிற ஆளா?

ஷெரீஃபுக்குப் போன் செய்தேன். அங்கே போனை எடுத்த பெண் சொன்னாள்: "மேடம், இன்னைக்கு ரெண்டே ரெண்டு வண்டிதான் ரோட்டுல இருக்கு. கதவைப் பூட்டிக்கிட்டு அமைதியா இருங்க." சீசன் ஆரம்பித்தால் ஷெரீஃபின் டெபுட்டிப் போலீஸ்காரர்களில் பாதிப் பேர் மானுக்காக மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார்கள் என்று இந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியாது? ஐம்பத்திரண்டு நிமிஷம் கழித்து வந்தார்கள்.

நான் டெஸ்ஸியிடம் கத்தினேன், "மெஷின்!" அது எங்களுக்குள் பேசி வைத்த வார்த்தை. ராய்ஸ் வந்தால் அவள் பின்னறைச் சுவரோரம், வாஷிங் மெஷினுக்குப் பின்புறம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஏன் அந்த இடம்? நீதான் சொன்னாய். அதே கவுண்டரில், அதே நாளில். "ஈய மூக்கா இருந்தா உன் வாஷிங் மெஷினே அதை நிறுத்திடும், நடீன்." ட்ரெய்லர் சுவர் என்ன சுவர்? காகிதம். அந்த வீட்டில் இரும்பென்று இருந்தது அது ஒன்றுதான். உன் வார்த்தையை நம்பி உன் மகளை அதற்குப் பின்னால் உட்கார வைத்தேன்.

பின்கதவை உதைத்துக்கொண்டு வந்தான். கையில் டயர் கழற்றுகிற கம்பி. நான் சமையலறையில், அவன் நடையில், பின்னறைக் கதவுக்கு ரெண்டு எட்டு. "எங்கடி ஒளிச்சு வச்சிருக்க எவனையோ" என்றான். உள்ளே யாரோ இருக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. மூன்று தடவை சுட்டேன். ஒன்று அவன் தோளைக் கிழித்தது. ஓடிவிட்டான். ஒன்று கதவு நிலையில். மூன்றாவதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை வீட்டில் இருந்ததால் துப்பாக்கியைக் காலியாகத்தான் வைத்திருந்தேன். தோட்டா சொருகுகிற ரெண்டு கிளிப்பும் ஃப்ரிட்ஜ் மேல் ரொட்டி டப்பாவில் இருந்தன. உன்னிடம் வாங்கிய இருபதையும் பத்துப் பத்தாகச் சொருகி, கிளிப் முதுகில் என் சிவப்பு நெயில் பாலிஷைப் பூசி வைத்தேன். சிவப்பு என்றால் வீட்டுக்கு. எஃகு எல்லாம் சிங்க்குக்கு அடியில், தகர டப்பாவில். அன்றைக்கு நான் எடுத்தது சிவப்பு. ஓரின், நான் எடுத்தது சிவப்புதான். அதில் எப்படி எஃகு வந்தது? ராத்திரி பகல் இதைத்தான் யோசிக்கிறேன். எனக்குப் பைத்தியமா? நானே மாற்றிப் போட்டேனா? ஈய மூக்குப் பெட்டி காலியாக இழுப்பறையில் கிடந்தது. நல்லதைத் தகர டின் சுட்டு விளையாடித் தீர்த்துவிட்டு, மலிவு சரக்கைப் போட்டு வைத்தேன் என்று அரசுத் தரப்பில் சொல்கிறார்கள். ராய்ஸைச் சுட்டதற்கு என் மேல் வழக்கில்லை. அது தற்காப்பாம். குழந்தை இருக்கிற காகித வீட்டில் எஃகைப் போட்டதுதான் வழக்கு. அந்தத் தோட்டாவில்தான் என் பதினைந்து வருஷமும் இருக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் நீ எனக்கு விற்றது ஈய மூக்கு என்று என் வக்கீலிடம் சொல். நடந்ததைத்தானே சொல்லச் சொல்கிறேன்?

நடீன்

ஜனவரி 2

நடீன்,

உன் வக்கீல் ரெண்டு தடவை கடைக்கு வந்தாள். முதலாளி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார், "கடை பேரு கோர்ட்டுல வந்துதுன்னா உன் பேரு கடையில இருக்காது." பில்லில் 'தோட்டா, ஒரு பெட்டி' என்று மட்டும்தான் இருக்கிறது. அக்டோபரில் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு விற்கிறேன். யார் எதை வாங்கினார்கள் என்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

நீ எப்போதும் இப்படித்தான். ராய்ஸிடம் மூன்று தடவை திரும்பிப் போனாய். மூன்று தடவையும் என் வண்டியில்தான் உன் மூட்டையை ஏற்றி வந்தேன். மூன்றாம் தடவை மார்லா கேட்டாள், "உங்க அக்காவுக்கு அடி வாங்கறது பிடிக்குமோ?" அப்போது உனக்காகச் சண்டை போட்டேன். இப்போது அவள் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. உன் புருஷனை உன் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தது யார்? நானா? என் மகளா?

சிவப்பு, பாலிஷ் என்று கதை எழுதாதே. எந்தக் கிளிப்பாக இருந்தாலும் நுனியைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஈயம் வெளியே தெரிந்தால் மெத்து, செம்பு மூடியிருந்தால் கெட்டி, உள்ளே எஃகு. பத்து வயசுப் பையனுக்குத் தெரியும். நீ பார்க்கவில்லை. அவ்வளவுதான் வழக்கு.

உன்னைப் பற்றி உட்கார்ந்து யோசிக்க எனக்கு நேரம் இல்லை. சீசன் முதல் நாள் சனிக்கிழமை நான் அடித்த மான், எட்டுக் கிளைக் கொம்பன், இன்னும் ஃப்ரீசரில் கிடக்கிறது. ஒரே குண்டில் விழுந்தது. ஞாயிறு காலை அதைத் தொங்கவிட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோதுதான் டெபுட்டி வந்து நின்றான். மார்லா அந்த ஃப்ரீசரைத் திறப்பதில்லை. "அவ செத்துக்கிட்டு இருந்தப்ப நீ தோல் உரிச்சுக்கிட்டு இருந்த" என்கிறாள். தினமும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறாள். இப்படித்தான் இருக்கிறது எங்கள் வீடு.

ஏழு வருஷத்தை வாங்கிக்கொள்.

ஓரின்

ஜனவரி 10

ஓரின்,

உன் கடிதத்தை நாற்பது தடவை படித்தேன். இங்கே செய்ய வேறு வேலை இல்லை. கோழி ஆலையில் ஒரு நிமிஷத்துக்கு நாற்பது கோழியின் இறக்கையை வெட்டிய கை இது. இப்போது ஒரு தாளையே திரும்பத் திரும்பப் புரட்டுகிறது.

எட்டுக் கிளைக் கொம்பன். ஒரே குண்டில் விழுந்தது.

எந்தக் குண்டு?

மானைக் கெட்டி மூக்கால் அடிக்கக்கூடாது. அது சட்டம். வனக்காவலன் பிடித்தால் துப்பாக்கியும் போகும், லைசன்ஸும் போகும். எல்லாருடைய தோட்டாவையும் வாங்கி நுனியைப் பார்ப்பான். நீ கவுண்டரில் நின்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன். எஃகோடு காட்டுக்குள் போக மாட்டாய். விரிகிற மூக்குதான் வேண்டும். நம் ரெண்டு பேரிடமும் இருப்பது ஒரே துப்பாக்கி. அப்பா ஒரே சந்தையில் ரெண்டாக வாங்கியது. உன்னுடையதில் என் தோட்டா போகும். என்னுடையதில் உன்னுடையது.

அக்டோபரில் அந்தப் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு என்ன சொன்னாய்? "கடைசிப் பெட்டி நடீன். சீசன் முடியற வரைக்கும் இனி வராது. எனக்கே எடுத்து வைக்கலாம்னு பார்த்தேன், சரி, நீ கொண்டு போ."

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. நான் ஆலையிலிருந்து வந்து குளிக்கப் போனேன். கோழி நாற்றம் போக எனக்கு அரை மணி நேரம் வேண்டும் என்று உனக்குத் தெரியும். வெளியே வந்தபோது சமையலறை நாற்காலி ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருந்தது. "என்ன தேடற?" என்றேன். "சர்க்கரை" என்றாய். டெஸ்ஸி சிரித்தாள். "அப்பா சர்க்கரையே போட்டுக்க மாட்டாரே" என்றாள். நீ அவள் தலையில் செல்லமாகத் தட்டினாய். நானும் சிரித்தேன்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. எடுத்தாயா? ஆம் அல்லது இல்லை. ஒரே வார்த்தை.

நடீன்

ஜனவரி 21

நடீன்,

இங்கிருந்து போகும் கடிதங்களை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நீ கேட்ட வார்த்தையை எழுத மாட்டேன். ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அவன் யார் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

ஒரு ஆள். வருஷம் முழுக்க அடுத்தவனுக்குத் தோட்டா விற்கிறான். சீசனுக்கு முந்தின நாள் பார்த்தால் அவனுக்கே இல்லை. மூன்று ஊருக்கு வண்டி ஓட்டிப் பார்த்தான். எங்கும் இல்லை. அந்த வருஷம் மான் அடிக்காவிட்டால் அவன் வீட்டில் குளிர்காலத்துக்கு இறைச்சி கிடையாது. அவன் பெண்டாட்டியின் சம்பளம் வாடகைக்குப் போகிறது. தெரிந்த ஒருத்தியிடம் இருபது இருந்தது. கேட்டால் தந்திருப்பாள். ஆனால் கேட்டால் "அப்ப எனக்கு?" என்று பயப்படுவாள். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று கேட்காமல் எடுத்தான். பாவம், கிளிப் காலியாக இருக்கக்கூடாது என்று சிங்க்குக்கு அடியில் இருந்ததைச் சொருகி வைத்தான். எதுவும் இல்லாததற்கு ஏதாவது இருக்கட்டும் என்று. திங்கட்கிழமை திரும்ப மாற்றி வைக்க இருந்தான். ரெண்டு நாள். ரெண்டே நாள். பத்து மாதமாக வராதவன் அந்த ரெண்டு நாளில் வருவான் என்று யாருக்குத் தெரியும்?

துப்பாக்கி குறி சரிபார்க்க ஐந்து. மானுக்கு ஒன்று. மீதிப் பதினாலும் குளத்துக்கு அடியில்.

டெபுட்டி வந்து "ரெண்டு சுவரு, ஒரு வாஷிங் மெஷினு, எல்லாத்தையும் தாண்டிப் போயிருக்கு சார்" என்று சொன்ன நொடியே அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பெண்டாட்டி பக்கத்தில் நின்றாள். அவள் கீழே விழுந்தாள். அவன் அவளைத் தாங்கினான். அப்போது சொல்லவில்லை. அப்போது சொல்லாததை எப்போது சொல்வது?

போன வாரம் மார்லா கை நிறைய மாத்திரை விழுங்கினாள். முதியோர் விடுதியிலிருந்து கொண்டுவந்தது. வயிற்றைக் கழுவினார்கள். இப்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சோறு இறங்குகிறது அவளுக்கு. உன்னை வெறுப்பதில்தான் எழுந்து நடமாடுகிறாள். அதை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? நீயே யோசி. உனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இருந்த ட்ரெய்லரும் வாடகை நிலத்தில். ஏழு வருஷம் உள்ளே இருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? மூன்று வேளை சாப்பாடு, சூடான அறை. ராய்ஸ் அங்கே வர முடியாது. வெளியே உனக்கு இதைவிட நன்றாகவா இருந்தது?

ஓரின்

பிப்ரவரி 3

ஓரின்,

சூடான அறை. அதை எழுதும்போது உனக்கு எதுவும் ஆகவில்லையா? எழுத்தைப் பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். முழுதும் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள், "இது கடிதம் இல்ல நடீன், 'ஒரு ஆள்' கதை. இதை நீட்டினா, அக்கா சொல்லித் தம்பி எழுதினதுன்னு சிரிப்பாங்க. அவரு கூண்டுல ஏறி 'நான்'னு சொல்லணும். இல்லன்னா ஒண்ணுமில்ல." குளத்தில் தேடச் சொன்னேன். எந்தக் குளம் என்று கேட்கிறாள். இந்த மாவட்டத்தில் பண்ணைக்கு ஒரு குளம். நீ கெட்டிக்காரன்தான்.

கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். தந்திருப்பேன். தந்துவிட்டு டெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டிலேயே போய்ப் படுத்திருப்பேன். இல்லையென்றால் சுட்டிருக்க மாட்டேன். டயர் கம்பியால் என் மண்டையை உடைத்திருப்பான். அவ்வளவுதானே? அவள் கத்திக்கொண்டு பின் ஜன்னல் வழியாக ஓடியிருப்பாள். கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் என்னவெல்லாமோ செய்திருப்பேன். நீ என் கையில் வேறு எதையோ வைத்துவிட்டு, பழைய பெயரையே அதன்மேல் விட்டுவிட்டுப் போனாய்.

போன புதன்கிழமை மார்லா வந்தாள். உனக்குத் தெரியுமா? தெரிந்திருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பத்து கிலோ இளைத்திருக்கிறாள். ரிசீவரை எடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏன் நுனியைப் பார்க்கல? ஒரு தடவை குனிஞ்சு பார்க்க உனக்கு என்ன கேடு?" திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். காவலாளி வந்து தோளைத் தொடும்வரை கேட்டாள்.

என் வாயில் உன் பெயர் இருந்தது. பல்லுக்குப் பின்னால் நின்றது. சொல்லவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதை ஒரு கண்ணாடி வழியாக, சிறை ரிசீவரில், என்னிடமிருந்து கேட்கக்கூடாது. அது உன் வாயிலிருந்து வர வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். வழக்கு நடக்கும். ஜூனில். உனக்கு நான்கு மாதம் இருக்கிறது. மார்லாவிடம் சொல், பிறகு கோர்ட்டில் வந்து சொல். திருடனென்று யாரும் உன்னைத் தூக்கில் போட மாட்டார்கள். எனக்கு முன்னால் ஒருமுறை ஆம்பளையாக நில்.

நடீன்

மார்ச் 19

நடீன்,

அரசுத் தரப்பு ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். மார்லா காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன்.

இனி எழுதாதே.

ஓ.

ஜூன் 22

ஓரின்,

பதிமூன்று வருஷம். நீ தீர்ப்பு வரைக்கும் இருக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

நிபுணன் ஒருத்தனைக் கூட்டி வந்தார்களே, அவன் பேசும்போது நீ வெளியே போய்விட்டாய். அதையும் சொல்கிறேன். எங்கள் வாஷிங் மெஷின் போலவே ஒன்றை வைத்து, அதே மாதிரிச் சுவர் கட்டிச் சுட்டுப் பார்த்தார்களாம். எஃகு பத்தில் ஒன்பது தடவை தாண்டிப் போனது. ஈய மூக்கு பத்துக்குப் பத்தும் மெஷினுக்குள்ளேயே சிதறி நின்றுவிட்டது. நீ கவுண்டரில் சொன்னது சரிதான். நீ நல்ல வியாபாரி.

பிறகு நீ கூண்டில் ஏறினாய். கழுத்துப்பட்டை கட்டியிருந்தாய். மார்லா கட்டிவிட்டிருப்பாள், முடிச்சு ஒரு பக்கம் கோணலாக இருந்தது.

அரசு வக்கீல் கேட்டார், "உங்க அக்காவுக்கு நீங்க என்ன சொல்லி வித்தீங்க?"

"எஃகு வீட்டுக்குள்ள ஆபத்துன்னு சொன்னேங்க."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. 'ராய்ஸுக்கு மெத்துன்னா பத்தாது'ன்னாங்க."

இதை நீ எப்போது யோசித்தாய்? மார்லா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டா? நான் சிரித்தேனாம். ஜூரியில் முன் வரிசையில் இருந்த அந்தக் கிழவி, சர்ச்சில் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறவளாம், அந்த இடத்தில்தான் என்னைப் பார்ப்பதை நிறுத்தினாள். என் வக்கீல் எழுந்து கேட்டாள், "சார், நீங்க அந்த மானை எந்தத் தோட்டாவால அடிச்சீங்க?" நீ சொன்னாய், "ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட கடன் வாங்கினதுங்க." எந்த ஃப்ரெண்டு? "போன வருஷம் இறந்துட்டாருங்க." நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனை யார் மேற்கொண்டு நோண்டுவார்கள்? உன் மகளின் சாவு உனக்குக் கவசமாக இருந்தது.

ராய்ஸும் வந்து சாட்சி சொன்னான். தோளில் கட்டு இல்லை, தாடி எல்லாம் சிரைத்திருந்தான். வீடு புகுந்ததற்கும் தடை உத்தரவை மீறியதற்கும் ஆறு மாதம், அதுவும் முடிந்துவிட்டது. கம்பியோடு வந்தவனுக்கு ஆறு மாதம். தப்பான தோட்டா போட்டவளுக்குப் பதிமூன்று வருஷம். தோட்டாவைத் தப்பாக்கியவனுக்குக் கழுத்துப்பட்டை.

என்னைப் பெண்கள் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். புது முகவரி உறையில் இருக்கிறது. இங்கே வெயில் காலத்தில் அறை எரிகிறது. சூட்டுக்குக் குறைவில்லை, நீ சொன்ன மாதிரி.

நடீன்

ஜூலை 8

நடீன்,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் உதவி வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ராய்ஸ் எங்கள் தெருவில் வண்டி ஓட்டுகிறான். வாரத்தில் மூன்று நாள். நிறுத்துவதில்லை, மெதுவாகப் போகிறான். ஒருநாள் கடை வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டான், "எப்படிடா இருக்க மச்சான், உங்க குடும்பத்துல எனக்கு ஒரு தோளு பாக்கி இருக்கு." ஷெரீஃபிடம் சொன்னேன். "தெருவுல ஓட்டறது குத்தம் இல்லீங்களே" என்கிறார்கள். நீ அவனுக்கு ஒரு வரி எழுது. பதினொரு வருஷம் அவனோடு இருந்தவள். எங்களை விட்டுவிடச் சொல். உன் பேச்சைக் கேட்டாலும் கேட்பான்.

மார்லா பயந்து கிடக்கிறாள். எனக்கு ராத்திரி ஒன்பது வரை கடை. முதலில் என் துப்பாக்கியை வீட்டுக்குள்ளேயே விட மாட்டேன் என்றவள், இப்போது அதைக் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுகிறாள். நானே நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். "நீ போட்டது சரியாத்தான் இருக்கும்" என்கிறாள். நீ எங்களை எந்த நிலைமையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய் பார்.

ஓரின்

ஜூலை 15

ஓரின்,

ராய்ஸுக்கு எழுதிவிட்டேன். கேட்க மாட்டான். அவன் என் பேச்சைக் கேட்கிறவனாக இருந்தால் நான் இங்கே இருப்பேனா?

இப்போது நான் கேட்கிறேன்.

அந்தத் துப்பாக்கியில் என்ன போட்டிருக்கிறாய்? ஜூலை மாதம் கடையில் ஈய மூக்கு இருக்கிறதா, இல்லை உன் கொட்டகையில் அப்பாவின் எஃகுத் தோட்டாவில் உன் பாதி இருக்கிறதே, அதுவா? என்னுடையதைத்தான் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. உன்னுடையதை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு கூரைக்குக் கீழ் ரெண்டு குடும்பம் இருக்கிற வீடு உன்னுடையது. அந்தப் பக்கத்தில் அந்த மெக்சிகோக்காரப் பெண்ணும் ரெண்டு பையன்களும். டெஸ்ஸி அவர்களோடு சைக்கிள் ஓட்டுவாள். சின்னவனுக்கு இப்போது நாலு வயதிருக்கும். மார்லாவுக்கு யாரும் எந்தச் சுவரைப் பார்த்துச் சுட வேண்டும், எதைப் பார்த்துச் சுடக்கூடாது என்று சொல்லித் தந்திருக்கிறார்களா?

"நீ போட்டது சரியாத்தான் இருக்கும்." இதை அவள் சொல்லும்போது உன்னால் எப்படி அவள் பக்கத்தில் படுக்க முடிகிறது?

என் பதிமூன்று வருஷத்தை நீ வைத்துக்கொள். மேல்முறையீடு போட மாட்டேன். கோர்ட்டுக்கு வா என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன். ஆனால் இன்றைக்கே போய் அதைத் திற. அவள் கண்ணுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வெளியே எடு. நுனியை அவளிடம் காட்டு. பிறகு சிவப்புக் கிளிப்பில் அந்த வெள்ளிக்கிழமை எவன் எதைச் சொருகினான் என்று சொல். தன் துப்பாக்கியை நிரப்பிக் கொடுக்கிறவன்தான் என்னுடையதையும் நிரப்பியவன் என்று தெரியாமல் அவள் அதன் பக்கத்தில் ஒரு இரவுகூடத் தூங்கக்கூடாது.

நடீன்

ஆகஸ்ட் 2

ஓரின்,

பதினெட்டு நாள் ஆகிவிட்டது. வேண்டாத கடிதமென்றால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். என் கடிதம் திரும்பி வரவில்லை. அதனால் நீ படித்திருக்கிறாய்.

மார்லாவுக்கு நேராக எழுதிப் பார்த்தேன். அது மட்டும் பிரிக்காமல் திரும்பி வந்தது. உறையின் மேல் அவள் கையெழுத்து. 'இந்தப் பெண்ணிடமிருந்து எதுவும் வேண்டாம்.' என் வாயிலிருந்து எது வந்தாலும் அவளுக்கு அது விஷம். அப்படி ஆக்கி வைத்திருக்கிறாய். அவளை எட்ட இந்த உலகத்தில் உன்னைத் தவிர வேறு வழி இல்லை.

என்ன போட்டிருக்கிறாய்? அவளிடம் சொன்னாயா? எழுது.

நடீன்

ஆகஸ்ட் 11

சொன்னாயா? எழுது.